சுகசயனாவுக்கு ஒரு சாட்சி

மனித குலம் தன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்கிக் கழிக்கிறது. அந்தப் பங்கை மேன்மைப்படுத்தவே நாங்கள் பிறந்திருக்கிறோம்.

அந்த இணையதளம் இப்படித்தான் தொடங்கியது. பிறந்திருந்த 'நாங்கள்' மொத்தம் மூன்று பேர். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்த சௌகத் அலி ஒருவர். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் கழுத்துப்பட்டையோடு வேலை பார்த்த அவருடைய அக்கா மகன் அக்தர் ஒருவன். கடையில் பில் போட்டு, போன் எடுத்து, மீதி நேரத்தில் தமிழ் டைப் அடித்த ஏஞ்சல் ஒருத்தி. மனித குலத்தைப் பற்றிய வாக்கியத்தை அக்தர் ஆங்கிலத்தில் எங்கிருந்தோ எடுத்து வந்தான். ஏஞ்சல் தமிழாக்கினாள். சௌகத் அலி அதைப் படித்துவிட்டு, தான் இதைத்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

அது 2008. எதிர்வாடையில் சம்பந்தம் என்பவர் ஏ.சி. போட்ட ஃபோம் மெத்தை ஷோரூம் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திறப்பு விழா அன்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஃபோம் தலையணை இனாமாகக் கொடுத்தார். சௌகத் அலிக்கும் ஒன்று வந்தது. அதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டதாக அவர் சாலை முழுக்கச் சொல்லிவிட்டு, வஞ்சம் தீர்க்கும் வேலையில் இறங்கினார். இலவம்பஞ்சோடு வெட்டிவேரும் இன்னும் வெளியே சொல்ல முடியாத இரண்டு பொருள்களும் சேர்த்து, கனமாக, தடிமனாக, குறட்டையை நிறுத்தும் தலையணை ஒன்றை உருவாக்கினார். சுகசயனம் என்று பெயர் வைத்தார். கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, மீதியை நீட்டி சுகசயனா என்று வைத்தால் ஏற்றுமதிக் களை வரும் என்றான் அக்தர்.

"மாமா, இனிமே நாம வாயே தொறக்கக் கூடாது" என்றும் சொன்னான். "நம்ம பொருள் நல்லதுன்னு நாம சொன்னா எவன் நம்புவான்? வாங்கினவங்க பேசணும். அவங்க கதையை அவங்களே எழுதணும். படிக்கிறவன் 'அட, இது நம்ம கதையாச்சே'ன்னு உக்காந்துடுவான். அதுக்குப் பேரு என்கேஜ்மென்ட்."

"நிச்சயதார்த்தமா?"

"இது வேற மாமா."

'உங்கள் அனுபவம்' என்று ஒரு பக்கம் திறக்கப்பட்டது. ஒரு மாதம் யாரும் எழுதவில்லை. பிறகு, தலையணையோடு கொடுத்த உத்தரவாத அட்டையில் இருந்த எண்களுக்கு ஏஞ்சல் போன் போட ஆரம்பித்தாள். பத்து மணிக்குக் கரண்ட் போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும். கம்ப்யூட்டர் கண்மூடிக் கிடக்கும் அந்த இரண்டு மணி நேரமும் லேண்ட்லைன் மட்டும் வேலை செய்யும். அவர்கள் சொல்வதை அவள் ரூல் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு, கரண்ட் வந்ததும் டைப் அடிப்பாள்.

"வணக்கம் மேடம், சுகசயனா தலையணையிலேருந்து பேசறோம். உங்க அனுபவம் எப்படி?"

"நாங்க வாங்கலையே."

"கார்டுல குன்றத்தூர், ஞானஜோதின்னு போட்டிருக்கு மேடம்."

"அது எங்க ஓரகத்தி வீட்டுக்காரருக்கு வாங்கினது. எங்க வீட்டுல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்ல."

ஓரகத்தியைப் பிடித்துக் கேட்டால், அது ஞானஜோதி வீட்டுக்காரருக்குத்தான், தாங்கள் துணைக்குத்தான் கடைக்குப் போனோம் என்பாள். ஊரப்பாக்கம் கதிரேசன் தைரியமாக ஒத்துக்கொண்ட ஒரே ஆண். "குறட்டை விடுறேன்னு என் சம்சாரம்தான் சொல்றா. நான் ஒரு தடவைகூட கேட்டதில்லை" என்றார்.

மூன்று மாதத்தில் நாற்பத்தோரு அனுபவங்கள் சேர்ந்தன. முதல் நாற்பதில் கதிரேசனுடையதைத் தவிர எல்லாம் அடுத்த வீட்டு அனுபவங்கள். தென்சென்னைப் புறநகரில் குறட்டை விடுகிறவர் யாருமே இல்லை, குறட்டை விடும் சொந்தக்காரர்கள்தான் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் நினைத்திருக்கலாம். சௌகத் அலி அவற்றைப் படித்துவிட்டு, "இதெல்லாம் சம்பந்தம் ஆளு வெச்சு எழுதறான். நம்ம மானத்தை வாங்கறதுக்கு" என்றார்.

"நான்தான் சார் போன்ல கேட்டு எழுதினேன்."

"போன் எடுத்தவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

நாற்பத்தொன்றாவது அனுபவம் வேறு ரகம். இப்படி இருந்தது அது:

'எனக்குக் கல்யாணமாகி இருபத்திமூணு வருஷம். வீட்டுக்காரர் நல்லவர். ஆனா அவர் தூங்கினா வீட்டுல வேற யாரும் தூங்க முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் படுப்பார். அந்த ஒரு மணி நேரமும் பக்கத்து வீட்டு நாய் குலைக்கும். நான் சமையல்கட்டுல படுத்துப் பார்த்தேன், மாடியில படுத்துப் பார்த்தேன். தம்பி பொண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்த ஒன்பது நாள்தான் நான் நிம்மதியா தூங்கினேன். அந்த வார்டுல பன்னண்டு குழந்தை அழுதுகிட்டு இருந்துச்சு. சுகசயனா வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகுது. இப்ப நான் என் வீட்டுலேயே தூங்கறேன். பெயர் வேண்டாம், அனகாபுத்தூர்.'

இதற்குப் பின்னால் அந்தப் பக்கம் சூடு பிடித்தது. மூலையில் எண்ணிக்கை காட்டும் கட்டம் நாலாயிரத்தைத் தாண்டியது. நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பெண், தானும் பன்னிரண்டு குழந்தைகளுக்கு நடுவே தூங்க விரும்புவதாக எழுதினாள். சௌகத் அலி மூன்று தரம் படித்தார், மூன்றாம் தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னா கஷ்டம் பாரு அந்தப் பொம்பளைக்கு. அவன்லாம் ஒரு புருஷன்" என்றார்.

சிங்கப்பூரில் நாலு கடை வைத்திருந்த பொன்னுசாமி அதைப் படித்தார். தலையணையைத் தன் கடைகளில் வைத்து விற்கத் தயார், ஆனால் ஒரு நிபந்தனை என்று எழுதினார். அனகாபுத்தூர்ப் பெண்மணி நிஜமான ஆளா என்று தாம்பரத்தில் இருக்கும் தன் பள்ளித் தோழர் வேதாசலம் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். அவர் சரி என்றால் சரி.

கடிதத்தின் முதல் பாதியைப் படித்த அன்றே சௌகத் அலி பெயிண்டரை வரவழைத்து, பெயர்ப்பலகையில் 'உற்பத்தியாளர் மற்றும் ஏற்றுமதியாளர்' என்று எழுத வைத்தார். எதிர்க்கடை சம்பந்தம் வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். அந்த நிமிஷத்துக்காக ஒரு வருஷம் காத்திருந்தவர் சௌகத் அலி. மறுநாள் கடிதத்தின் இரண்டாம் பாதியைப் படித்தார். இனி அந்தப் பெண் கிடைக்காவிட்டால், பெயிண்டர் சம்பந்தத்தின் கண் முன்னாலேயே ஏணி போட்டு ஏறி அந்த வார்த்தையை அழிக்க வேண்டியிருக்கும்.

வேதாசலம் முப்பத்தொரு வருஷம் ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். கொடுத்த காப்பியையே முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கடைக்கு வந்தவர் நாற்காலியைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார்.

"பாய், அந்தம்மா அட்ரஸ்?"

சௌகத் அலி ஏஞ்சலைப் பார்த்தார். ஏஞ்சல் நோட்டைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன் சார். பேரு வெளியே வராதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். பைபிள் மேல."

"போன்ல பேசும்போது பைபிள் எங்கேருந்து வந்தது?" என்றார் வேதாசலம்.

"டிராயர்ல இருக்கு சார்."

வேதாசலம் எழுந்து போய் டிராயரைத் திறந்து பார்த்தார். இருந்தது. குறித்துக்கொண்டார்.

அவர் போனதும் சௌகத் அலி கதவைச் சாத்தினார். "ஏஞ்சல், உண்மையைச் சொல்லு. நீயா எழுதிட்டியா?"

"இல்ல சார்."

"அக்தர் எழுதிக் குடுத்தானா?"

"அவருக்குத் தமிழ் எழுத வராது சார்."

"அப்ப சம்பந்தம். நல்லதா எழுதற மாதிரி எழுதி, வெரிபிகேஷன் வரும்போது மாட்டி வுடறான். நீ அவன் கையில எவ்ளோ வாங்கின?"

அப்போது போன் அடித்தது. தினமும் பன்னிரண்டரைக்கு வீட்டிலிருந்து சௌகத் அலியின் மனைவி நஃபீசா, சாப்பாடு கொடுத்து அனுப்பட்டுமா, வீட்டுக்கு வருகிறாரா என்று கேட்க அடிக்கும் போன். ஏஞ்சல் எடுத்தாள். "ஆமாக்கா... இங்கதான் இருக்கார்... இல்லக்கா, நான் சொல்லல" என்று சொல்லி வைத்தாள்.

"இன்னா சொல்லல?"

"நீங்க ரெண்டு நாளா சாப்பாட்டை மிச்சம் வெச்சதை."

சந்தேகம் ஒருவரைப் பிடித்தால் பக்கத்தில் இருப்பதை எல்லாம் பார்க்க வைக்கும் என்று சொல்ல முடியாது. சௌகத் அலி எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பொம்பளை வரணும். வரலைன்னா சனிக்கிழமைலேருந்து நீ வராதே" என்றார்.

ஏஞ்சல் தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேதாசலம் தானாகவே ஒரு முடிவோடு வந்தார். அச்செடுத்த அனுபவத்தில் சிவப்பு மையால் இரண்டு இடத்தில் கோடு போட்டிருந்தார்.

"பாய், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு ஆம்பளை வீட்டுல படுத்துத் தூங்கறான். ஆபீஸ்காரனால முடியாது. லீவு நாளும் இல்ல. ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்திட்டு, தொழுதுட்டு, வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடற ஆளாத்தான் இருக்கணும். அனகாபுத்தூர்ல அப்படி உங்களுக்குத் தெரிஞ்சவர் யார்?"

சௌகத் அலிக்கு முகம் மலர்ந்தது. இந்த வலையில் சம்பந்தம் விழ வாய்ப்பில்லை. அவர் கடைக்குச் செவ்வாய்தான் விடுமுறை. விழுகிற ஆள் வேறு ஒருவன் இருந்தான்.

"நம்ம மச்சான் முதாசிர். என் சம்சாரத்தோட தம்பி. நமக்குத் தலையணை உறை தைக்கிறவன். பயல் வாயே தொறக்கல பாருங்க சார். எனக்கு அப்பவே சந்தேகம்."

"எப்பவே?"

"இப்பவே."

தொழுகை முடிந்ததும் இருவரும் வேதாசலத்தின் ஸ்கூட்டரில் பம்மல் வழியாக அனகாபுத்தூருக்குப் போனார்கள். ஸ்கூட்டர் நுழையாத சந்து. முதாசிர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி நிகத், இடுப்பில் குழந்தையோடு டீயும் வடையும் கொண்டுவந்து வைத்தாள்.

"மச்சான், மறைக்காத. ஊரே உன் குறட்டையைப் பத்திப் படிச்சுகினு கீது" என்றார் சௌகத் அலி. "வெக்கப்படாத. நம்ம பலகையே அதுலதான் கீது."

"யாரு, நானா? இன்னா மச்சான் பேஜார் பண்றே."

"இவரா?" என்று நிகத் சிரித்தாள். "இவரு குறட்டை வுட மாட்டாரு அண்ணே. பல்லைக் கடிப்பாரு. ராத்திரி பூரா எலி இருக்கற மாதிரி இருக்கும்."

"ஏய், சார் எழுதிகினு கீறாரு."

வேதாசலம் எழுதி முடித்துவிட்டுத் தாளை நிகத்திடம் நீட்டினார். "இதை நீங்க எழுதலையாம்மா?"

நிகத் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு படித்தாள். முதலில் சிரித்துக்கொண்டே படித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னொரு டீ போடட்டா?" என்றாள்.

"எந்த வரியில நிறுத்தினீங்க?"

"நான் எங்க சார் நிறுத்தினேன்."

"ஆஸ்பத்திரி வரியில நிறுத்தினீங்க."

நிகத் கணவனைப் பார்த்தாள். கணவன் வடையைப் பார்த்தான்.

"இவன் பொறந்தப்ப எனக்குச் சிசேரியன் சார். ஒன்பது நாள் வெச்சிருந்தாங்க. தொணைக்கு இருந்தவங்க நல்லா தூங்கினாங்கதான். கொழந்தை அழுதா அவங்களை எழுப்ப நர்ஸை நான்தான் கூப்புடுவேன். பாவம், ஏன் இப்படித் தூங்கறாங்கன்னு அப்ப எனக்குப் புரியல."

"துணைக்கு இருந்தது யாரு?"

அறையில் இருந்த மூன்று பேருக்கு விளங்கிவிட்டது. நான்காவது ஆள் இரண்டாவது வடையை எடுத்தார்.

"பாய்" என்றார் வேதாசலம், "உங்க வீட்டம்மாவுக்குப் பொறந்த வீடு எது?"

"இதான் சார். இதே வூடுதான்" என்றார் சௌகத் அலி. பிறகு மெல்லுவதை நிறுத்தினார்.

திரும்பி வரும்போது, பம்மல் தாண்டியதும் அவர் பின் இருக்கையிலிருந்து வேதாசலத்தின் காதருகே, "சார், ஒரு விதத்துல இது நல்லதுதானே?" என்றார்.

"எந்த விதத்துல?"

"நான் குறட்டை விட்டேன்னே வெச்சுக்குவோம். இப்ப விடலைன்னு அவளே எழுதியிருக்கா. அப்ப தலையணை வேலை செய்யுது. கண்டுபுடிச்சவன் மேலயே வேலை செஞ்சிருக்கு. பொன்னுசாமி சாருக்கு இதைவிட சாட்சி வேணுமா?"

வேதாசலம் கியரை மாற்றினார். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகு நிமிர்ந்தது. தாம்பரம் வருவதற்குள் சௌகத் அலி, விளம்பரத்தில் தன் படத்தையும் போடலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

வீடு முடிச்சூர் ரோட்டை ஒட்டிய தெருவில். கேட்டைத் திறந்ததும் பக்கத்து வீட்டு ஞானம்மாளின் நாய், சௌகத் அலியைப் பார்த்து மட்டும் குலைத்தது. வேதாசலம் குறித்துக்கொண்டார்.

நஃபீசா இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். வேதாசலம் தாளை மேசை மேல் வைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"ஏஞ்சல் சொன்னாளா?"

"அந்தப் பொண்ணு வேலை போனாலும் சொல்ல மாட்டேன்னுடுச்சும்மா" என்றார் வேதாசலம். "இதை எழுதினது நீங்கதானா?"

"நான் சொன்னேன், அவ எழுதினா. நான் கடைக்குப் போன் பண்ணப்ப, 'அக்கா, யாருமே தன் வீட்டு விஷயத்தைச் சொல்ல மாட்டேங்கறாங்க, சார் கோவமா இருக்கார்'னு அழுதா. சரி, நம்ம கடைக்கு நாமதானே சொல்லணும்னு சொன்னேன். பேரு மட்டும் போடாதன்னேன். அவரு வெளியில தலை நிமிந்து நடக்கணும்ல."

"இருபத்திமூணு வருஷம் நீ ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் சௌகத் அலி.

"மொத வருஷமே சொன்னேங்க. எங்க வாப்பா குறட்டை வுடறதைத்தான் சொல்றேன்னு நீங்க நெனச்சுக்கிட்டீங்க."

சௌகத் அலி வேதாசலத்தின் பக்கம் திரும்பினார். "விடுங்க, அது பழைய கதை. இப்ப முக்கியமானது இன்னா? சுகசயனா வந்தப்புறம் சத்தம் நின்னுச்சு. சார் கிட்ட உன் வாயால சொல்லு நஃபீசா."

நஃபீசா தயங்கினாள். தண்ணீர் டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள்.

"சத்தம் நின்னுச்சுன்னு நான் எங்கேயும் சொல்லலையே. நான் தூங்கறேன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"தலையணையை நான் காது மேல வெச்சுக்கறேன். நல்ல கனம். ஒண்ணும் கேக்கறதில்ல. உண்மையிலேயே நல்ல பொருள் சார் அது" என்றாள் வேதாசலத்திடம். "எழுதிக்குங்க."

வேதாசலம் எழுதவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம் அவரை அடுத்த கேள்விக்குத் தள்ளியது.

"அப்ப உங்க வீட்டுக்காரர் தலைக்கு வெச்சுக்கறது எது?"

"அது எதுக்கு சார் இப்ப?" என்று சௌகத் அலி எழுந்தார். எழுந்த வேகத்தில் படுக்கையறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அதற்கு முன் வேதாசலத்துக்கு அந்த அறையைப் பார்க்கும் எண்ணமே இல்லை.

"ஒரு நிமிஷம் பாய்" என்று அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். வெளியே நாய் குலைக்க ஆரம்பித்தது. நஃபீசா ஜன்னலைச் சாத்தினாள்.

அன்று மாலையே வேதாசலம் அறிக்கையைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். ஏஞ்சல் சனிக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பெயிண்டர் ஏணியோடு வந்தார். சம்பந்தம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

அறிக்கையில் இருந்தது இரண்டே வரி. முதல் வரி, அனுபவம் சொன்ன பெண்மணி உண்மையான ஆள், சொன்னது அத்தனையும் உண்மை என்றது. இரண்டாவது வரி, உற்பத்தியாளர் தன் தலைக்கு வைத்துப் படுப்பது எதிர்க்கடையில் இனாமாகக் கொடுத்த ஃபோம் தலையணை என்றது.